மூன்று முறை பொறுக்கிய அரிசி

ரப்பி ஃபைவெல் சிரித்தே விட்டார். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு இன்னும் ஆறே நாள். காப்பித்தூள், எண்ணெய், நாய் பிஸ்கட் என்று காலையிலிருந்து ஆளாளுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, உண்ணத் தகுந்தது என்ற கோஷர் முத்திரை சரியா என்று கேட்டு அவர் உயிரை எடுத்திருந்தார்கள். இப்போது ஓர் அண்ணனும் தங்கையும் ஐந்து கிலோ அரிசியையே மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"முத்திரை இருக்கு ரப்பி. என் பொண்டாட்டி மூணு தடவை பொறுக்கியாச்சு, பஸ்காவுக்கு ஆகாத கோதுமை ஒரு மணி கிடையாது," என்றார் அண்ணன் நயீம். "இவ சாப்பிடலாமான்னு மட்டும் சொல்லுங்க."

 தங்கை ஹபீபாவின் சட்டைக் கழுத்து கிழிந்து, ஊக்கு குத்தியிருந்தது. பஸ்கா வாரத்தில் ராமத் கானில் எந்தப் பெண்தான் ஒழுங்காக உடுத்துகிறாள், அடுப்பைத் தேய்த்த கையோடு வந்திருப்பாள் என்று ரப்பி நினைத்துக்கொண்டார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பிறந்த வீடு பாக்தாத் வழி. அங்கே சோறு இல்லாமல் பஸ்கா விருந்தே கிடையாது. வாழ்க்கைப்பட்டதோ ஹைஃபாவில் ஒரு போலந்துக்காரர் வீட்டில். அங்கே பஸ்கா முடியும்வரை அரிசியைக் கண்ணில் காட்டக் கூடாது. புருஷன் வீட்டு வழக்கம்தான் தன் வழக்கம் என்று முப்பது வருடமாக அவளும் தொடவில்லை. கணவர் இறந்து நாலு வருடமாகிறது.

"இவ ஒழுங்கா சாப்பிட்டே நாளாச்சு ரப்பி. அதான் நேத்து எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். எங்கம்மா பண்ற மாதிரி சோறு பண்ணிப் போட்டா ரெண்டு வாய் திம்பா."

அண்ணனின் பாசம் ரப்பியைத் தொட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே? கணவனை இழந்தவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் தகப்பன் வீட்டு வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். பிள்ளை இருந்தால் புருஷன் வழக்கம் அவளை விடாது. அதை இருவருக்கும் நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டு, தங்கையைப் பார்த்தார்.

"பிள்ளை உண்டாம்மா?"

"நதாவ்," என்றாள் ஹபீபா. "ஒரே பையன். அப்பாவை உரிச்சு வெச்சிருப்பான்."

நயீம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்போ கூடாதும்மா. பிள்ளை இருக்கிற வரைக்கும் நீ அந்த வீட்டு மருமகதான்."

ஏமாந்துபோவாள் என்றுதான் ரப்பி எதிர்பார்த்தார். அவளுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கூடாது என்று சொல்லக் கேட்டு இப்படி மகிழ்ந்தவர்களை அவர் நாற்பது வருடத்தில் கண்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க ரப்பி."

"பிள்ளை இருக்கான். அதனால கூடாது."

"கேட்டியாண்ணா? ரப்பியே சொல்லிட்டார்."

கிழிந்த கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். நயீம் அரிசியை எடுக்கவில்லை. கதவு சாத்தும்வரை நின்றார். பிறகு ரப்பியின் பக்கம் குனிந்தார்.

"அது துக்கத்துக்குக் கிழிச்ச சட்டை. பையனை அடக்கம் பண்ணி இருபது நாளாச்சு, ரப்பி."