மூடாத வலது கண்

“கண்ண மூடுங்கக்கா.”

சந்தனமாரி மூடினாள். இடது கண் மூடியது. வலது கண் மட்டும் திறந்தபடி பாலகணேஷையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்தனமாரி ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவள். காதில் சீழ் வடிகிறது என்று பெரிய டாக்டரிடம் காட்டினாள். ஆபரேஷன் செய்தது அவர் இல்லை, வேறு யாரோ என்று பிறகுதான் பேச்சு வந்தது. காது சரியாகிவிட்டது. ஆனால் எலும்பைக் குடையும்போது முக நரம்பு அறுந்து, வலதுபக்க முகம் தொங்கிப்போனது.

கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டர் அவள் கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்துக் காதுக்குள் வைத்துத் தைத்து பத்து மாதமாகிறது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பாலகணேஷ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறான். “முகத்துக்குப் பயிற்சி குடுக்க வாரேன்” என்று முதல் நாள் சொன்னதோடு சரி. அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

“மொகத்துக்கு உசுரு வருமா சார்?” அவள் கணவன் கருத்தப்பாண்டி கேட்டான்.

“வரும்ண்ணே. நரம்பு அரிசி அளவுக்குத்தான் அறுந்திருந்துச்சு.”

பாலகணேஷ் அவளிடம் திரும்பினான். “தூக்கம் வருதாக்கா?”

“கண்ணுல பிளாஸ்திரி ஒட்டிட்டுத்தான் படுக்கேன் சார். ஒருநா அது பிஞ்சுபோச்சு. எம் மக பாத்துட்டு, அம்மா முழிச்சிக்கிட்டே செத்துக் கெடக்கான்னு அலறிட்டா.”

பாலகணேஷ் படுத்தாலும் அந்தக் கண்தான் வந்து எதிரே நிற்கும்.

கண்ணாடியை அவள் முன் நீட்டினான். “எங்க, சிரிங்க.”

உதட்டின் இடது ஓரம் ஏறியது. வலது ஓரம், யாரோ உள்ளிருந்து நூலைச் சுண்டியதுபோல், லேசாகத் துடித்தது. மறுபடியும் துடித்தது.

“ஏட்டி, அசையுதுட்டி!” கருத்தப்பாண்டி கத்தினான். மகளைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினான்.

பாலகணேஷ் சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“இனி கண்ணாடி பாத்து நீங்களே செய்யலாம்க்கா. நான் வர வேண்டியதில்ல.”

அவள் வாசல்வரை வந்தாள். சொற்கள் இன்னும் குழறித்தான் வந்தன.

“இனிமேலாவது நீங்க நல்லாத் தூங்கணும்.”

“நானா?”

“காது ஆபரேஷன் அன்னைக்கு, மயக்கம் வாரதுக்கு முந்தி, மொகத்த மூடியிருந்த ஒருத்தர் ‘பயப்படாதீங்கக்கா, நாந்தான் பண்ணப்போறேன்’னாரு. மொகந்தான் தெரியல. கொரல் மறக்குமா?”

அவன் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

“மொத நாளே தெரியும், டாக்டர்.”