ஆர்வில் கடை வாசல்

அமெரிக்காவின் மில்வாக்கி நகர நூலகத்தில், ஒரு தெருவில் குடியிருப்பவர்கள், கடைக்காரர்களின் கூட்டம். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் எங்கே ஆபத்தோ, அங்கே வரைபடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார் நகராட்சி அதிகாரி. மரியன் நேராக ஆர்விலின் சலூன் வாசலில் ஒட்டினாள்.

ஆர்விலுக்குச் சுருக்கென்றது. "அங்க சைக்கிள் பாதை போட்டா, முடிவெட்ட வர்றவன் காரை எங்கம்மா நிறுத்துவான்? என் தலையிலயா?"

"போன வருஷம் சைக்கிள்ல வந்த பொண்ணு அங்கதானே அடிபட்டா?"

அவர் குரல் தணிந்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதே நான்தான். உங்க பொண்ணா?"

"இல்லைங்க. நின்ன காருங்க மறைச்சதுல அவ வந்தது தெரியல. அவளை இடிச்ச வண்டியை ஓட்டினது நான்."

அதிகாரி நோட்டுடன் வந்தார். "உங்க ஆட்சேபணையை எழுதிக்கட்டுமா, ஆர்வில்?"

"என் கடை முன்னாடி யாரும் காரை நிறுத்தக் கூடாதுன்னு எழுதுங்க."