மாயவன் போட்ட ரோடு

வேனின் பின்சக்கரம் இன்னொரு சாண் இறங்கியது.

மரக்காணம் உப்பளத்துக்கு நடுவில் நின்றது வேன். இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, முன்னால் சேறு. ஏறி வந்த வழியும் பாரம் தாங்காமல் இடிந்து கிடந்தது.

மணி இரண்டே முக்கால்.

நாலு மணிக்குள் சிவசங்கரி பொம்மையார்பாளையம் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் பக்கத்து வீட்டு சரஸ்வதி அப்பாவோடு இருக்க மாட்டாள், பஜ்ஜிக் கடை போடக் கிளம்பிவிடுவாள். அப்பா தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாதவர்.

வேனில் இருந்தவர்கள் எல்லாரும் பைசா வாங்காமல் இணையத்தில் ஊர் வரைபடம் வரைகிறவர்கள். சந்து, குளம், பஸ் ஸ்டாப் எதையும் விடுவதில்லை. மூன்று வருஷமாகப் போனில் மெசேஜிலேயே பழகிவிட்டு, இன்றுதான் முதல்முறை நேரில் கூடியிருந்தார்கள். வரைந்த இடங்களைப் போய்ப் பார்த்துச் சரிசெய்வதாக ஏற்பாடு.

கோட்டக்குப்பத்திலிருந்து இங்கே வரைக்கும் முக்கால்வாசி, மாயவன் என்ற பெயரில் வரைந்தது.

மாயவன் சிவசங்கரியின் அப்பா. வரைந்தவள் அவள்.

அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பாவின் போனில், அதிலிருந்த அவருடைய கணக்கிலேயே ஆரம்பித்தாள். பெயரை மாற்றத் தோன்றவில்லை. காலையில் மாயவன் சார் வரவில்லையா என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை, நான் அவர் பெண் என்றாள். இரண்டும் உண்மைதானே. கடலுக்குப் போனவர், இந்தக் கரையில் அவர் கால் படாத இடம் இருக்குமா என்று அவர்களாகவே மெச்சிக்கொண்டார்கள்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இந்த ரோடும் மாயவன் போட்டதுதான். மேலிருந்து எடுத்த படத்தில் நேராக, அகலமாக, வெள்ளை வெளேரென்று தெரிந்தது. உப்பு லாரி போகிற ரோடு என்று நினைத்துக் கோடு இழுத்துவிட்டாள். நிஜத்தில் அது உப்புக்கூடை சுமக்கிறவர்கள் நடக்கிற வரப்பு. படம் எடுத்தது கோடையில். இப்போதோ மூன்று நாள் மழையில் ஊறிக் கிடந்தது.

ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இத்தனை ரோடு போட்டவள் அதில் ஒன்றில்கூட நடந்ததில்லை. இந்த ஒரு நாளுக்காக இரண்டு மாதம் சரஸ்வதியிடம் கெஞ்சியிருந்தாள்.

"எவன்டா இத ரோடுன்னு போட்டான்" என்று முணுமுணுத்த டிரைவர் சுரேஷ், பின்னால் மாயவனின் மகள் இருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. வெட்கமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டத்தை ஏற்பாடு செய்த கிருபா முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

"அப்பாவுக்கு ஒரு போன் போடுங்க. இங்கேர்ந்து எப்படி வெளிய வர்றதுன்னு அவரு சொல்லிடுவாரு."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தப்பித்துப் போக வேனுக்குள் இடமில்லை.

சரஸ்வதியின் நம்பரை அழுத்தினாள். அப்பாவின் காதில் வைக்கச் சொன்னாள். சேற்றில் மாட்டிக்கொண்டதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பிறகு காதோடு போனை அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். நடுவில் இரண்டு தடவை ம் கொட்டினாள்.

போனை வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அப்பா இந்தப் பக்கம் வந்ததே இல்லியாம். ரோடு போட்டது நாந்தானாம். எல்லாரையும் எறங்கித் தள்ளச் சொல்றாரு."

முழங்கால்வரை புதைந்த முதல் கால் அவளுடையது. மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள்.

போனில் அவள் கேட்டது மூச்சுச் சத்தம் மட்டும்தான். பக்கவாதம் வந்த அன்று போன பேச்சு, நாலு வருஷமாகியும் மாயவனுக்குத் திரும்பவில்லை.