நடுவில் நின்ற கிளாஸ்

மழை விட்டுப் பத்து நாளாகியும் மைதானத்தில் தண்ணீர் வற்றவில்லை. ஃபுட்பால் சீசன் தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதுவரை, ஊர் டீமின் ரசிகனான எட்வினுக்குக் கை சும்மா இருக்காது. டீக்கடை பெஞ்சில், குடித்து முடித்த கிளாஸ்களைப் பதினோரு ஆட்டக்காரர்களாக நிறுத்திவைப்பான். நடுவில் நிற்கும் கீறல் விழுந்த கிளாஸ்தான் கேப்டன் பிரகாசம்.

"இவன அனுப்பிட்டு அந்தக் கேரளாப் பையன எடுக்கணும்பா. முட்டி போன ஆள வெச்சு எத்தினி வருசம் ஓட்றது?" என்று எட்வின் அதை பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளுவான்.

"இவன் இல்லாம பந்த யாரு பிரிச்சுக் குடுப்பா?" என்று அவன் கூட்டாளி தனபால் திரும்ப நடுவுக்கு இழுப்பான்.

"கழுவணும், கிளாஸக் குடுங்கய்யா" என்று டீ மாஸ்டர் கத்துவதை இருவருமே காதில் வாங்குவதில்லை. ஒரு வாரமாக இதே இழுபறி.

அன்றும் எட்வின் "முட்டி போன ஆளு" என்றபடி கிளாஸை ஓரத்துக்குத் தள்ளி நிமிர்ந்தபோது, எதிரே பிரகாசம் நின்றிருந்தான். முட்டியில் கட்டு. பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது நான்தான?"

அவன் அந்த கிளாஸை எடுத்துப்போய் மாஸ்டரின் வாளித் தண்ணீரில் முக்கி வைத்தான். பிறகு, நொண்டாமல் நடக்க முயன்றபடி சாலையைக் கடந்தான்.

"வைப்பா உன் கேரளாப் பையன" என்றான் தனபால்.

எட்வின் கையில் பாதி டீயோடு ஒரு கிளாஸ் இருந்தது. காலியான நடு இடத்துக்கு மேலே அதைப் பிடித்தபடியே நின்றான். டீ ஆறிக்கொண்டிருந்தது.