மூன்றாவது வரிசை டாக்டர்

"நிறுத்துங்க! அந்தப் பொண்ணு செத்துப் போயிடுவா. நான் டாக்டர், சொல்றேன்!"

மூன்றாவது வரிசையில் ஆம்ப்ரோஸ் டல்லி எழுந்து நின்று கத்தினார். மேடையில், பெட்டிக்குள் படுத்திருந்த பெண்ணின் இடுப்புக்கு நேராக வித்தைக்காரர் மகா ஓர்சினியின் ரம்பம் அப்படியே நின்றது.

"டாக்டர் ஐயா, உங்க மருந்தைவிட என் ரம்பம் பாதுகாப்பானது! உக்காருங்க!" என்றார் ஓர்சினி. பிட்ஸ்பர்க் நகரமே சிரித்தது போலிருந்தது. டல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை முடிந்தது.

டல்லி டாக்டர் இல்லை. ஐந்து மாதமாக வேஷம் கிடைக்காத நடிகர். அந்த 1921-ல் பெண்ணை இரண்டாக அறுக்காத வித்தைக்காரர் இல்லை என்பதால், கூட்டம் சேர்க்க ரம்பம் மட்டும் போதவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அது வெள்ளை பெயிண்ட் அடித்த சலவைக்கடை வண்டி. அரங்குக்குள்ளே ஒரு நர்ஸ் நின்றாள். அவள் கோரஸ் நடனக் குழுவில் ஆடும் டாட்டி.

காட்சிக்கு முன்னால் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கொடுக்கும்போதே, சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் க்ரோகன் புலம்பியிருந்தார். "பத்திரம்யா, கம்பெனி சொத்து. காலையிலதான் நாடக சோபாத் தலையணை ஒண்ணைக் காணோம்."

"நான் தூங்கியே அஞ்சு மாசமாச்சு. எனக்கெதுக்குத் தலையணை?" என்றார் டல்லி.

தியேட்டர் மேனேஜர் இருவரையும் முறைத்தார். "அவங்கவங்க வேலையை மட்டும் பாருங்க. பக்கத்து ஆளு என்ன பண்றான்னு கேக்காதீங்க. இன்னிக்குத் திங்கட்கிழமை மதியக் காட்சி சொதப்பிச்சுன்னா, வாசல்ல மாட்டியிருக்கிற ஓர்சினி படத்தைக் கழட்டி அவர் கையில கொடுத்து ஊருக்கு அனுப்பிடுவேன். அப்புறம் டல்லி, உனக்கும் வேலை இல்ல."

இப்போது மேடையில் ரம்பம் மறுபடி கரகரத்தது. மரத்தூள் பறந்தது. பெட்டியின் பாதிவரை அது இறங்கிய நேரத்தில், ஐந்தாவது வரிசையிலிருந்து வேறொரு அலறல் கிளம்பியது.

"ஐயோ! வலி வந்துடுச்சு! வயிறு! என் வயிறு!"

பெரிய கோட்டு போட்ட ஒரு பெண். ஒன்பது மாத வயிறு. ஆயிரத்தைந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பயப்படாதேம்மா, டாக்டர்தான் இருக்காரே!" என்று ஒருவர் மூன்றாவது வரிசையைக் காட்டினார்.

டல்லியும் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு டாக்டர் யாராவது இருக்க மாட்டாரா என்று. அதற்குள் நாலு கைகள் அவரைத் தூக்கி நாற்காலிகளுக்கு நடுவே இருந்த நடைபாதையில் விட்டன. அரங்கின் கடைசியில் நின்ற மேனேஜர் கைக்குட்டையை ஆட்டினார். சீக்கிரம் போ என்கிறார் என்று டல்லி நினைத்தார்.

"உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று டாட்டியிடம் கிசுகிசுத்தார்.

"காலைத் தூக்கி ஆடத் தெரியும். அதுக்கு மேல நீங்கதான் டாக்டர்."

"கிட்ட வராதீங்க!" என்று அந்தப் பெண் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க டாக்டர்! என்னை வீட்ல கொண்டு விட்டாப் போதும்!"

"தொடவே மாட்டேன்மா, சத்தியமா!" என்றார் டல்லி, அன்று முழுவதிலும் முதல் முறையாக மனதார.

ஓர்சினி ரம்பத்தைத் தூக்கிப் பிடித்து வணங்கினார். கைதட்டலோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். டாட்டி அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிட்டாள். மணியடித்துக்கொண்டு வண்டி கிளம்பியது.

கஞ்சி வாடையடிக்கும் அந்த வண்டிக்குள் டல்லி வியர்த்து வழிந்தார். கூட்டம் நின்ற தெருமுனைகளில் அவள் அலறல் ஊரைக் கூட்டியது. ஆளில்லாத சந்துகளில் வெறும் முனகல். வலி விட்டு விட்டுத்தான் வரும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு விடுய்யா!" என்று டிரைவரின் முதுகைத் தட்டினார்.

"தியேட்டரை ரெண்டு சுத்து சுத்தி வரத்தான் சொல்லியிருக்காங்க."

"யோவ், ரெண்டு உயிருய்யா!"

"ஆஸ்பத்திரியா?" அவள் பாதி எழுந்துவிட்டாள். "வேணாம்! அங்கே போனா எல்லாம் போச்சு. வீடுதான்!"

டல்லி அவளைப் பார்த்தார். பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், தியேட்டர் மானமும் போகும். சொல்லாவிட்டால் போவது வேறு.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. நான் டாக்டர் இல்ல. சும்மா கத்தறதுக்கு வெச்ச ஆளு. உங்க குழந்தைக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது. வாங்க, நிஜ டாக்டர்கிட்ட போயிடுவோம். வேலை போனாப் போகட்டும்."

முனகல் சட்டென்று நின்றது.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வண்டியின் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள். யாருமில்லை. பெருமூச்சு விட்டு, கோட்டுக்குள் கைவிட்டு எதையோ பிடித்து இழுத்தாள்.

"இந்தத் தலையணையைக் கொஞ்சம் பத்திரமாப் பிடிங்க டாக்டர், கம்பெனி சொத்து!"