துரை பங்களாவில் பிறந்த பிள்ளை

மகனுக்குப் பெண் பார்க்கத் தாம்பரம் வந்த துளசிங்கம், அனுப்பிரியாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் தாய் சாமுண்டீஸ்வரியைத்தான் துருவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துல, பல்லாவரம் துரை பங்களாவுல ஆயாவா இருந்த அஞ்சலைக்கு ஒரு புள்ள பொறந்துச்சே, அதுக்கு அப்பன் யாரும்மா? துரையா, தோட்டக்காரனா?"

"பழைய கதை இப்ப எதுக்குண்ணே? பஜ்ஜி ஆறுது, சாப்பிடுங்க."

"பிரசவம் பார்த்தது உங்க மாமியாரோட அம்மாதானே? சொல்லுங்கம்மா."

அம்மா ஏன் மழுப்புகிறாள்? அந்தப் பிள்ளை நம் மூதாதையோ? அனுப்பிரியாவுக்கு ஆவல் ஒரு பக்கம், ஆத்திரம் மறு பக்கம். ஐ.டி. கம்பெனியில் உடன் வேலை பார்த்த முகிலனைக் காதலித்த குற்றத்துக்கு, அவன் தந்தை இவள் குலத்தையே கூண்டில் ஏற்றுவதா?

"யாருக்குப் பொறந்தா இன்னா மாமா? அந்தப் புள்ள பண்ணின தப்பு இன்னா? அப்பன் பேர் தெரியாத வூட்ல சம்பந்தம் வெச்சா உங்க கௌரவம் கரைஞ்சிடுமா?"

துளசிங்கத்தின் கண்கள் கலங்கின.

"என் கௌரவமே அந்தப் புள்ளதாம்மா. அவருதான் எங்க அப்பா."

சாமுண்டீஸ்வரி தலைகுனிந்தாள். வந்தவரின் மானம் காக்கவே தாய் மழுப்பினாள் என்பது மகளுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளையோட கொள்ளுத்தாத்தா பேரையும் சபையில படிக்கணும். எங்க வூட்டுக் கல்யாணத்துல எல்லாம் ஒரு பொய்ப் பேரைத்தான் படிச்சோம். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல. பேர் தெரியலைன்னாலும் பொண்ணு குடுப்பீங்களா?"

"பிரசவம் பார்த்தவங்களுக்கே தெரியாதுண்ணே. அஞ்சலை கடைசி வரைக்கும் சொல்லல," என்றாள் சாமுண்டீஸ்வரி.

அனுப்பிரியா அவர் எதிரில் வந்து நின்றாள்.

"சபையில அஞ்சலை பேரைப் படிங்க மாமா. அந்தம்மா பெத்ததுல யாருக்கும் சந்தேகம் இல்லியே!"