எதிர்மேட்டுக் காவல்

“பன்னி வெரட்டுறதுக்கு இவ்ளோ பெரிய கண்ணாடி எதுக்குண்ணே?” என்று ஜெயரூபன் கேட்டதும், பயிற்சிக்கு வந்திருந்த தோட்டக் காவல்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மாடசாமி மட்டும் சிரிக்கவில்லை. குட்டைத் துப்பாக்கி ஒன்றை மடியில் கிடத்தி, அதன் முதுகில் பூட்டியிருந்த நீளமான கண்ணாடிக் குழாயைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு பக்குவமாகத் துடைத்ததில்லை.

பதுளையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துத் தனியார் காவல் நிறுவனம் ஒன்று நடத்திய பயிற்சி அது. கடைசி நாள் பரீட்சை. மேசையில் கிடக்கும் துப்பாக்கிகளிலும் குறிபார்க்கும் கண்ணாடிகளிலும் நம்பிப் பிடிக்கக்கூடிய ஒரு சோடியைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் சரியென்றால் அதே சோடி கைக்கு வரும். பிழையென்றால் காவல் வேலை போய்விடும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டப் போக வேண்டியதுதான். மாடசாமிக்கோ ஏற்கெனவே இடுப்பு வலி. கான் என்ற சொல்லைக் கேட்டாலே குனிந்துகொள்வார், பாவம்.

பரீட்சை வைத்தவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. அன்று காலையிலிருந்தே முகம் கடுகடுவென்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இறுதியாட்டம். ஆளுக்கொரு லீவு கேட்டு அவர் உயிரை வாங்கிவிட்டார்கள். “காவலிடங்களைச் சுத்திப் பாக்கச் சொல்லி எனக்கே லீவில்லை, உங்களுக்கென்ன லீவு?” என்று எரிந்து விழுந்திருந்தார். லீவு கேட்காதவர் மாடசாமி ஒருவர்தான்.

“மாடசாமி, எழும்பும். உமக்கு எந்த இடத்துக் காவல்?”

“ஸ்பிரிங்வெளிப் பக்கங்க சேர். எதிர்மேட்டுக் கொட்டில். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் தொரை பங்களா.”

“ஏன் நீளத் துவக்கை விட்டிட்டுக் குட்டையை எடுத்தனீர்?”

“கொட்டில் ஜன்னல் சின்னதுங்க. நீளமானத கட்டையில சாத்தி வச்சா சரிஞ்சிரும். இது அசையாம நிக்குது. மூணு நாலு மணி நேரம் கண்ண எடுக்காமப் பாக்கணுமில்லீங்களா?”

இரகுநாதனின் புருவம் உயர்ந்தது. “மூண்டு நாலு மணித்தியாலம்! கேட்டீங்களோ? நீங்களெல்லாம் பத்து நிமிசத்திலை குறட்டை.”

ஜெயரூபனுக்குப் பொறுக்கவில்லை. “சேர், தேயிலைக்குள்ள நிக்கிற பன்னி பத்தடிக்கு வந்தாத்தான் தெரியும். செவப்புப் புள்ளி காட்டுற சின்னக் கண்ணாடியே போதும். சுளுவுல ஒடையாது. இவரு எடுத்திருக்கறது நெலாவப் பாக்குறதுக்கு!”

நியாயமான பேச்சுத்தான். மாடசாமிக்கு வியர்த்தது. ஆனாலும் விடவில்லை.

“பக்கத்துல வர்றத யாரும் பாப்பாங்க சேர். தூரத்துல நடக்கறதப் பாக்கத்தானே காவக்காரன்? எல்லாக் கண்ணாடியையும் வெளிய கொண்டுபோய்ப் பாத்துட்டேன். ஒண்ணு, பனி எறங்கினதும் மங்கிப்போச்சு. இன்னொண்ணுல பச்சையும் நீலமும் ஒரே மாதிரி. இதுலதான் ரெண்டும் பிரிஞ்சு தெரியுது.”

“பன்னி என்ன நீலத்துலயா வருது?” என்றான் ஜெயரூபன்.

“திருடன் வருவானில்ல? பச்சைத் தேயிலைக்குள்ள நீலச் சட்டை நின்னா தெரிய வேணாமா?”

சிரித்தவர்களே இப்போது தலையாட்டினார்கள். மாடசாமிக்குத் தெம்பு வந்தது.

“நம்பரும் தெரியுதுங்க சேர். அந்தா, அங்க நிக்கிற லுணுகலை பஸ்ஸோட நம்பர இங்கருந்தே வாசிச்சேன். மூலையில பொடிசா இருந்தாலும் தப்பாது.”

“களவாக் கொழுந்து ஏத்துற லொறியின்ர இலக்கம் எடுக்கலாம்” என்று இரகுநாதன் தாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார். மாடசாமி அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

“எல்லாம் சரி. வந்ததிலையிருந்து கண்ணாடியைப் பற்றியே கதைக்கிறீர். உந்தத் துவக்கு ஒழுங்காச் சுடுமோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லையே?”

“சுடவா?” மாடசாமி பதறிப்போனார். “அய்யோ, வேணாங்க சேர்! சத்தம் கேட்டா தொரை பங்களா ஹோல் ஜன்னல் சீலைய இழுத்து மூடிருவாரு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரகுநாதன் துப்பாக்கியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மண்டபத்து ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்த்தார். பச்சையைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், பஸ்ஸின் நம்பரையும் முணுமுணுத்துப் பார்த்தார். மாடசாமிக்கு மண்வெட்டிப் பிடி கைக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

“பாஸ்” என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார் இரகுநாதன். ஜெயரூபன் வாயைப் பிளந்தான். “ஆனா மாடசாமி, உம்மட கொட்டிலை நான் நேரிலை வந்து சோதிப்பன். வாற ஞாயிறு. பின்னேரம் முழுக்க அங்கைதான் நிப்பன்.”

வந்த உயிர் மறுபடி போனது. “ஞாயித்துக்கிழமைங்களா? திங்கக்கிழமை வந்தீங்கன்னா, சேர், கொட்டிலக் கூட்டிப் பெருக்கி...”

“ஞாயிறுதான்!”

அழாத குறையாகத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார் மாடசாமி. வாசல்வரை பின்னாலேயே வந்த இரகுநாதன், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தார்.

“கச்சான் கடலையும் ரேடியோவும் நான் கொண்டு வாறன். துரையின்ர ஹோலிலை இருக்கிற டிவி எத்தினை இஞ்ச்?”